வாசகர் கேள்விகள்: பிரிஸ்டலில் ஒரு சர்க்கரை வணிகரின் வீடு

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள துறைமுக நகரம் பிரிஸ்டல். அங்கே கிரேட் ஜார்ஜ் தெருவில் 7-ஆம் எண் கொண்ட வீடு இன்று ‘ஜார்ஜியன் ஹவுஸ்’ என்ற பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு செல்வர் குடும்பம் நகரத்தில் எப்படி வாழ்ந்தது என்பதைத் தளம் தளமாகக் காட்டும் அந்த வீட்டைப் பற்றி இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளுக்கு இம்முறை விடை எழுதுகிறேன்.

‘ஜார்ஜியன்’ என்பதற்கும் ஜார்ஜியா நாட்டுக்கும் தொடர்பு உண்டா? ‘பிற்கால ஜார்ஜியன்’ என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?
– திருச்சி வாசகர்

தொடர்பு இல்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட மன்னர்கள் நால்வருக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அந்தக் காலத்துக் கட்டடங்களும் மரச்சாமான்களும் அவர்கள் பெயரால் வழங்குகின்றன. மூன்றாம் ஜார்ஜ் 1760-இலிருந்து 1820 வரை அறுபது ஆண்டுகள் அரசராக இருந்தார். அவர் ஆட்சியின் பிற்பகுதியில் எழுந்த வீடுகளில் முந்தைய தலைமுறையின் கனத்த வேலைப்பாடு மெலிந்து, கோடுகள் நுணுக்கமாகிவிட்டதால் அவற்றைப் பிரித்துப் பேசுவது வழக்கம். நாம் பேசும் வீடு 1788-க்கும் 1791-க்கும் இடையில் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் வில்லியம் பேட்டி. பிரிஸ்டலில் தலைமுறையாகக் கல்வேலையும் கட்டடவேலையும் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கட்டச் சொன்னவர் ஜான் பின்னி என்ற சர்க்கரை வணிகர்.

படத்தில் பார்த்தேன். அவ்வளவு பெரிய பணக்காரர் வீட்டின் முகப்பு ஏன் இத்தனை வெறுமையாக இருக்கிறது?
– மதுரை வாசகி

வெறுமையாகத் தோன்றும் அந்த முகப்பில் உழைப்பெல்லாம் அளவுகளில் போயிருக்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570-இல் வெளியிட்ட நான்கு பகுதிகள் கொண்ட நூல், பழைய ரோமாபுரிக் கோயில்களின் அளவு விகிதங்களைக் குடியிருக்கும் வீடுகளுக்கும் பொருத்திக் காட்டியது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த விகிதங்கள் மாதிரிப் புத்தகங்களாக அச்சாகி, சாதாரணக் கொத்தனார், தச்சர் கைவரை வந்து சேர்ந்தன. ஆகவே முகப்பில் ஒரு தூண்கூட இல்லாத வீட்டிலும் தூணின் இலக்கணம் ஒளிந்திருக்கும்: தரைத்தளம் பீடம், அதற்கு மேலுள்ள மாடிகள் தூணின் உடல், கூரையோரத்தில் ஓடும் பிதுக்கம் அதன் தலை.

சன்னல்களைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். விருந்தினரை வரவேற்கும் கூடங்கள் முதல் மாடியில் இருந்ததால் அந்த வரிசைச் சன்னல்களே மிக உயரமானவை. அகலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் வைப்பது வழக்கம். மேலே போகப் போக உயரம் குறைந்து, பணியாளரும் குழந்தைகளும் உறங்கிய உச்சித் தளத்தில் அவை சதுரத்துக்கு நெருங்கிவிடும். எந்த அறைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தெருவில் நின்றபடியே சன்னலின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு இந்தக் கட்டடக்கலையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், மிகவும் உறுத்துகிற இடமும் இதுதான்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகப்பில் தெரியும் வெளிர் தேன் நிறக் கல் பக்கத்து நகரமான பாத் நகரைச் சுற்றிக் கிடைப்பது. வெட்டியெடுக்கும்போது அறுப்பதற்கு மென்மையாக இருந்து, பிறகு காற்றுப்பட்டு இறுகும் சுண்ணாம்புக்கல் அது. 1727-இல் ஏவான் ஆற்றைப் படகுகள் செல்லத் தகுந்ததாகச் செப்பனிட்டபின் அந்தக் கல் நீர்வழியாகவே பிரிஸ்டலுக்கு வந்து இறங்கியது. அக்காலத்து வீடுகள் பலவற்றில் தெருவைப் பார்த்த முகத்துக்கு மட்டும் இந்த இழைத்த கல்லைப் பதித்துவிட்டு, பக்கங்களையும் பின்புறத்தையும் உள்ளூர்க் கரடுமுரடான கல்லால் எழுப்பி முடித்திருப்பார்கள்.

சன்னல்களுக்கு வரி போட்டதால்தான் அந்தக் காலத்து வீடுகளில் பல சன்னல்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– கோவை வாசகர்

பாதி உண்மை. சன்னல் வரி 1696-இல் வந்து 1851 வரை நீடித்தது. அதைத் தவிர்க்கச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்தவர்கள் நிச்சயமாக இருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் அப்படிச் செய்து, குடியிருந்த ஏழைகளின் காற்றையும் வெளிச்சத்தையும் பறித்தது அந்த வரியை ஒழிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வாதாடியதற்கு ஒரு காரணம். ஆனால் இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் அடைத்த சன்னல்களில் பல, கட்டும்போதே அப்படிக் கட்டப்பட்டவை. உள்ளே புகைபோக்கி ஏறும் இடத்தில் சன்னல் திறக்க முடியாது. ஆனால் வெளியே வரிசையில் ஒரு பல் விழுந்தாற்போல் இடைவெளி விடவும் மனம் வராது. அதற்காகச் சுவரைச் சன்னல் வடிவில் குழித்து வைத்துவிடுவார்கள். சமச்சீர் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

சன்னலின் உள்வேலையும் அறியத்தக்கது. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் வழுக்கி நகரும். ஒவ்வொரு சட்டத்திலும் கட்டிய கயிறு மேலே ஒரு சிறு கப்பியில் ஏறி இறங்கி, நிலையின் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் தொங்கும் ஈய அல்லது இரும்பு எடையோடு இணைந்திருக்கும். எடையும் சட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், ஆளுயரச் சன்னலை ஒரு குழந்தை விரல்களால் தூக்கிவிடலாம். விட்ட இடத்தில் அது நிற்கும். கண்ணாடியோ, ஊதிய குமிழைச் சுழற்றிச் சுழற்றித் தட்டையான வட்டாக விரித்து, அதிலிருந்து துண்டு துண்டாக அறுத்தெடுத்தது. வட்டின் நடுவே, சுழற்றுவதற்கான இரும்புக் கம்பி ஒட்டியிருந்த தழும்பைத் தவிர்த்து அறுக்க வேண்டியிருந்ததால் பெரிய துண்டு கிடைக்காது. அதனால்தான் ஒரே சன்னலில் இத்தனை சிறு கட்டங்கள். மேலும் 1745 முதல் 1845 வரை கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி இருந்தது. மெல்லிய கண்ணாடி, அதைத் தாங்க மெல்லிய மரச்சட்டம் என்று வேலை நுணுகிக்கொண்டே போனது. அந்தக் கண்ணாடியில் இலேசான அலை இருக்கும். மாலை வெயில் படும்போது எதிர்வீட்டுச் சுவர் அதில் நீரில் தெரிவதுபோல் அசையும். பழுதுபார்க்கும்போது அதை எடுத்துவிட்டு இக்காலத்துத் தட்டைக் கண்ணாடியைப் பொருத்துவது திருத்த முடியாத இழப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட வீடுகளைத் தெருத்தெருவாகக் கட்டியது யார்? அரசா?
– தஞ்சாவூர் வாசகர்

அரசு இல்லை. நிலத்துக்கு உரியவர் நீண்டகாலக் குத்தகைக்கு மனையைக் கொடுப்பார். கொத்தனாரோ தச்சரோ கடன் வாங்கிக் கூரைவரை எழுப்பிவிட்டு, உள்வேலை முடியுமுன்பே ஒரு வாங்குபவரைத் தேடிப் பிடிப்பார். பின்னியைப் போலத் தமக்கென்றே கட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் விரும்பியபடி மாறுதல் செய்ய இடமிருந்தது. மற்றத் தெருக்கள் பெரும்பாலும் கடன் நம்பிக்கையில் நின்றவை. 1780-களின் இறுதியில் பிரிஸ்டலில் அந்த நம்பிக்கை கட்டுக்கடங்காமல் பெருகியது. 1793 பிப்ரவரியில் பிரான்சுடன் போர் மூண்டதும் கடன் வற்றி, கட்டுநர் பலர் நொடித்துப் போனார்கள். பேட்டியே வடிவமைத்து 1791-இல் தொடங்கிய ‘ராயல் யார்க் கிரெசன்ட்’ என்ற பிறைவடிவ வீட்டு வரிசை 1820-ஐ ஒட்டித்தான் நிறைவெய்தியது. பின்னியின் வீடு அந்த வீழ்ச்சிக்குச் சற்று முன்னே முடிந்துவிட்டது.

வீட்டின் உள்ளமைப்பைத் தளவாரியாக விளக்க இயலுமா?
– யாழ்ப்பாணம் வாசகி

கீழிருந்து தொடங்குகிறேன், வீட்டை நடத்தியவர்கள் கீழேதான் இருந்தார்கள்.

நிலத்தடித் தளத்தில் சமையலறை, சலவையறை, வீட்டு நிர்வாகம் பார்த்த பெண்மணியின் அறை ஆகியவை உள்ளன. கணப்பில் இடைவிடாமல் எரியும் நிலக்கரி, அதன் முன் சுழலும் இறைச்சிக் கம்பி, வெந்நீர் அண்டா, கல்பாவிய தரை என்று அங்கே எல்லாமே வேலைக்காக அமைந்தவை. அலங்காரம் ஒன்றும் கிடையாது. அதே தளத்தில் எதிர்பாராத ஒன்றும் இருக்கிறது. படியிறங்கி மூழ்கிக் குளிக்கும்படி கல்லால் கட்டிய குளிர்நீர்த் தொட்டி அது. குளிர்ந்த நீரில் மூழ்குவது நரம்புக்கும் இரத்தத்துக்கும் நல்லது என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். தனி வீட்டுக்குள் அப்படி ஒரு தொட்டி இருப்பது அரிது. இன்றுவரை பிழைத்திருப்பது அதனினும் அரிது.

தரைத்தளத்தில் உணவுக்கூடமும், வணிகரின் படிப்பறையும் வருகின்றன. படிப்பறையை அறிவு வளர்க்கும் இடமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கணக்குப் பேரேடுகளும், கப்பல்களில் வந்து சேர்ந்த கடிதங்களும் பார்க்கப்பட்ட இடம் அது. மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த தோட்ட வேலைக்கான கட்டளைகள் இத்தகைய மேசைகளிலிருந்துதான் எழுதி அனுப்பப்பட்டன.

முதல் மாடியில் வரவேற்புக்கூடங்கள். கனத்த சுதைச் சிற்பங்கள் நிறைந்த முந்தைய பாணி, ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரின் செல்வாக்கால் 1760-களுக்குப் பிறகு வழக்கொழிந்தது; அதற்குப் பதிலாகக் காகிதத்தில் வரைந்தது போன்ற தாழ்ந்த புடைப்பில் பூச்சரங்களும் கலசங்களும் விதானத்திலும் கணப்பின் விளிம்பிலும் இடம்பெற்றன. சுவர்களுக்கு வெளிர் நிறங்கள். மேசை நாற்காலிகள் பெரும்பாலும் மகோகனி மரம். அந்த மரம் ஜமைக்கா, ஹோண்டுராஸ் காடுகளில் அடிமைகள் வெட்டிக் கப்பலேற்றியது என்பதை அறைக்குள் நிற்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் மேலே படுக்கையறைகள்.

இந்தத் தளங்களை இணைக்கும் மாடிப்படிதான் இத்தகைய வீட்டின் நாடி. விருந்தினர் ஏறும் படி அகன்று, வெளிச்சம் நிறைந்து, கைப்பிடி வழவழப்பாக வளைந்து ஏறும். நிலத்தடித் தளத்துக்கு இறங்கும் படி குறுகி, செங்குத்தாகி, சாதாரண மரமாகவோ கல்லாகவோ மாறிவிடும். ஒரே வீட்டின் படியில் நாலடி நகர்ந்தால் வேறொரு உலகத்துக்குள் கால் வைக்கிறோம். நிலக்கரி மேலே ஏறியது, சாம்பல் கீழே இறங்கியது, வெந்நீர் மேலே ஏறியது, அழுக்குநீர் கீழே இறங்கியது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கணப்புக்கும், யாரோ ஒருவரின் முதுகில். முகப்பின் விகிதங்களைப் பாராட்டி எழுதிய நானே இதையும் எழுதாவிட்டால் அந்தப் பாராட்டு நேர்மையானதாக இராது.

பின்னி எப்படிப் பணம் சேர்த்தார்? அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்பது உண்மையா?
– சென்னை வாசகர்

உண்மை. கிழக்குக் கரீபியன் கடலில் நெவிஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. ஜான் பின்னி 1740-இல் பிறந்தவர். அங்கிருந்த கரும்புத் தோட்டங்கள் அவருக்கு உறவினர் வழிச் சொத்தாக வந்தன. இருபதுகளின் நடுவில் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே போனார். மனிதர்கள் விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்ததை முதன்முறை கண்டபோது தாம் அதிர்ந்துபோனதாக ஒரு கடிதத்தில் எழுதியவர், அதே கடிதத்தின் அடுத்த வரியில், நம் பயனுக்காகவே கடவுள் அவர்களைப் படைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதேனும் ஓர் அறிகுறியால் தம் விருப்பமின்மையைக் காட்டியிருப்பாரே என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். ஒரு மனச்சான்று எவ்வளவு விரைவாக உறங்க வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

1765-இல் அவர் வாங்கியவர்களில் பெரோ என்ற சிறுவனும் அவனுடைய சகோதரிகள் இருவரும் இருந்தார்கள். பெரோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வளர்ந்தபின் முடி திருத்தும் தொழில் பழக்கப்பட்டு, பின்னியின் தனிப் பணியாளரானார். 1783-இல் பின்னி குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பியபோது பெரோவையும், ஃபேனி கோக்கர் என்ற இளம்பெண்ணையும் உடன் அழைத்துவந்தார். ஃபேனிக்கு 1778-இலேயே விடுதலைப் பத்திரம் தரப்பட்டிருந்தது. தையல் கற்றவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்தார், பிரிஸ்டலில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார், 1820-இல் அந்நகரிலேயே காலமானார். பெரோவுக்கு அந்தப் பத்திரம் கிடைக்கவே இல்லை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். 1772-இல் சாமர்செட் என்ற அடிமையின் வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, ஓர் அடிமையை அவர் விருப்பத்துக்கு மாறாக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு அடிமைமுறையை ஒழித்துவிடவில்லை. இங்கிலாந்து மண்ணில் அதைத் தெளிவற்ற நிலையில் விட்டுவைத்தது. கிரேட் ஜார்ஜ் தெருவில் வாழ்ந்த பெரோ அந்தத் தெளிவின்மைக்குள்தான் வாழ்ந்தார். எசமானரோடு நெவிஸுக்குப் போய் உறவினரைப் பார்த்துவிட்டும் வந்தார். 1798-இல், நாற்பத்தைந்து வயதளவில், நோயுற்று இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் பின்னியிடம் பணிசெய்திருந்தார்.

பிரிஸ்டலில் பின்னியின் தொழில் கரும்பு விளைவிப்பதோடு நிற்கவில்லை. ஜேம்ஸ் டோபின் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, தீவுகளிலிருந்து வரும் சர்க்கரையைத் தரகுக்கு விற்றார். தோட்டக்காரர்களுக்குத் தேவையான பொருள்களைக் கப்பலேற்றினார். தோட்டங்களை அடமானமாகப் பெற்றுக் கடன் கொடுத்தார். அடமானத்தில் நிலத்தோடு மனிதர்களும் அடங்குவார்கள். டோபின் அடிமைமுறையை ஆதரித்துத் துண்டு வெளியீடுகள் எழுதியவர். ஆக, அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் விலை எங்கிருந்து வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆங்கிலக் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் முதன்முதலாகச் சந்தித்தது இந்த வீட்டில்தானா?
– புதுச்சேரி வாசகர்

அப்படி ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. 1795 கோடையின் இறுதியில் வேர்ட்ஸ்வொர்த் பின்னியின் விருந்தினராக இவ்வீட்டில் தங்கினார் என்பதும், அந்தச் சமயத்தில் பிரிஸ்டலில்தான் கோல்ரிட்ஜைச் சந்தித்தார் என்பதும் உறுதியானவை; ஆனால் சந்திப்பு இந்த வீட்டில்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னியின் மகன்கள் டார்செட் பகுதியில் இருந்த குடும்ப வீடான ரேஸ்டவுனை வேர்ட்ஸ்வொர்த்துக்கும் அவர் தங்கை டாரத்திக்கும் வாடகையின்றிக் குடியிருக்கக் கொடுத்தார்கள். 1797 வரை இருவரும் அங்கே வாழ்ந்தார்கள். அதே 1795-இன் ஜூன் மாதத்தில் கோல்ரிட்ஜ், பிரிஸ்டல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு காப்பிக் கடையில் அடிமை வணிகத்தைக் கண்டித்துச் சொற்பொழிவாற்றியிருந்தார். சர்க்கரை போன்ற தேவையற்ற பொருள்களுக்காகவே அந்தக் கொடுமை நடக்கிறது என்பது அவர் வாதம். அப்போது பெரோ உயிரோடுதான் இருந்தார்.

நம் சென்னையில் இந்தப் பாணி வீடுகள் உண்டா?
– செங்கல்பட்டு வாசகர்

சுவரோடு சுவர் ஒட்டிய இந்த நகர இல்லம் இங்கே வேரூன்றவில்லை. வெயில் அதற்கு இடம்கொடுக்கவில்லை; கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டைக்கு வெளியே தோட்டத்தின் நடுவே தாழ்வாரம் வைத்த பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அளவு இலக்கணம் ஒன்றுதான். பின்னி வீடு முடிந்து நாலைந்து ஆண்டுக்குள், 1795-இல் நிறைவெய்திய புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகக் கட்டடத்திலும், வானியலாளர் ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து 1802-இல் திறக்கப்பட்ட இன்றைய ராஜாஜி மண்டபத்திலும் அதே மாதிரிப் புத்தகங்களின் சாயலைக் காணலாம். பாத் கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும், பளிங்குபோல் மெருகேற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பும்.

அந்த வீடு இன்று என்ன நிலையில் இருக்கிறது? பெரோவை அந்நகரம் நினைவில் வைத்திருக்கிறதா?
– மட்டக்களப்பு வாசகி

பின்னி 1818-இல் காலமானார். அவர் மகன்களில் ஒருவரான சார்லஸ் பின்னி, 1831-இல் பிரிஸ்டலில் பெருங்கலவரம் மூண்டபோது அந்நகரின் மேயராக இருந்தவர். அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது உரிமையாளர்களுக்கு அரசு வழங்கிய 2 கோடி பவுன் இழப்பீட்டில் பங்கு பெற்றவர்களிலும் ஒருவர். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு அதில் ஒரு காசும் இல்லை. வீடு 1937-இல் நகராட்சிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கான பட்டியலில் உயர்ந்த தரவரிசைகளுள் ஒன்றைப் பெற்றிருக்கிறது. அருங்காட்சியகமாகத் தொடங்கிய காலத்தில் மகோகனி மேசைகளும் பீங்கானும் பார்ப்பதற்கு உரிய இடமாகவே அது கருதப்பட்டது; இப்போது பெரோவின் வாழ்க்கையையும் நெவிஸ் தோட்டங்களையும் விளக்கும் காட்சியும் ஓர் அறையில் உண்டு. அந்த அறையை முதலில் பார்த்துவிட்டுக் கூடங்களுக்குப் போகும்படி நான் சொல்வேன்.

பெரோவின் பெயர் வீட்டுக்கு வெளியேயும் இருக்கிறது. சர்க்கரைக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகக் கால்வாயின் குறுக்கே 1999-இல் திறந்துவைக்கப்பட்ட நடைபாலத்துக்கு ‘பெரோ பாலம்’ என்று பெயர். அயர்லாந்துச் சிற்பி எய்லிஷ் ஓ'கானல் பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தது. பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிடத் தூக்கிக்கொள்ளும். அதற்கு ஈடான எடையாக இரண்டு பெரிய கொம்பு வடிவங்கள் மேல்நோக்கி விரிந்து நிற்கின்றன. கிரேட் ஜார்ஜ் தெருவிலிருந்து சரிவில் இறங்கி நடந்தே அங்கே போய்ச் சேரலாம்.